அம்மாவின் குரலை யாரிடம் ஒப்படைப்பது?

குடும்ப நினைவுகளைப் பதிவு செய்து பாதுகாத்துத் தருகின்றோம் என்று விளம்பரம் செய்யும் நிலையங்கள் இந்நாளிற் பலவாகத் தோன்றிவிட்டன. பழுதடைந்த ஒலிநாடாவைக் கொண்டு போனால் அதனைக் கணினிக்கு மாற்றித் தருவோர் ஒரு சாரார். வாரத்துக்கு ஒரு கேள்வியை அனுப்பி, வரும் விடைகளைத் தொகுத்து ஆண்டிறுதியில் அழகிய கட்டுப் புத்தகமாக்கித் தருவோர் இன்னொரு சாரார். வீட்டுக்கே வந்து, விளக்குகளை நிறுத்தி, பாட்டனையும் பாட்டியையும் கதிரையில் இருத்திப் பேசவைத்துப் படம் பிடித்துச் செல்வோரும் உளர். பணம் கொடுத்தால் நினைவைக் காத்துத் தருவதற்கும் ஆள் உண்டு என்பதைக் கேட்ட எமது அயல்வீட்டுப் பெரியவர் ஒருவர், "இனி எங்களுக்குப் பதிலா அழுகிறதுக்கும் ஒரு கொம்பனி வரும்" என்றார். ஒப்பாரிக்குக் கூலி கொடுக்கும் வழக்கம் எம்மவரிடையே முன்னரே இருந்ததென்பதை அவருக்கு நாம் நினைவூட்டவில்லை.

உண்மையில், நினைவைக் காப்பதற்குப் பணம் கொடுப்பது யாழ்ப்பாணத்தவர்க்குப் புதிய செய்தியன்று. வீட்டில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன்பாகக் 'கல்வெட்டு' அச்சிட்டு முடிக்க வேண்டும். முன்பக்கத்தில் அன்னாரின் படம், அதன்கீழ் இறந்த திதியைக் கூறும் வெண்பா, அடுத்து வாழ்க்கை வரலாறு, தேவார திருவாசகம், பிள்ளைகளின் புலம்பல், மருமக்களின் புலம்பல், கடைசியில் வம்சாவளி. வெண்பா பாடுவதற்கு ஒரு புலவர், அச்சிடுவதற்கு ஓர் அச்சகம், படத்தைப் பெருப்பிப்பதற்கு ஒரு ஸ்ரூடியோ என்று எல்லாம் ஒழுங்காக அமைந்திருந்தன. இன்றும் அவ்வழக்கம் மறைந்து போகவில்லை. ஊர்களையும் குடும்பங்களையும் ஆராய்வோர்க்கு இச்சிறு நூல்கள் பெரிதும் பயன்படுவதை உணர்ந்தே, 2005 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் இணைய நூலகம், ஏனைய நூல்களோடும் பத்திரிகைகளோடும் இத்தகைய நினைவு மலர்களையும் தேடிச் சேர்த்துவருகின்றது.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. அது இறந்தவரைப் பற்றியது, இறந்தவர் சொன்னதன்று. முப்பது நாட்களுக்குள், துக்கத்தின் நடுவே, உயிரோடிருப்போர் தமக்குத் தெரிந்ததை ஒன்றுகூட்டிச் சொல்கின்றனர். எமது ஐயா 2008 இல் காலமானபோது வம்சாவளியை எழுதிக்கொள்ள வந்த அச்சகத்து இளைஞரை அம்மா தம் அருகில் இருத்தி, ஐந்து தலைமுறையை ஒரே பிற்பகலிற் சொல்லி முடித்தார். யார் யாருக்கு எங்கே கலியாணம், யார் பிள்ளையின்றிப் போனார், யார் மலாயாவுக்குப் போய் அங்கேயே தங்கினார் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து தடையின்றி வந்தன. புத்தகம் அச்சாகி வந்ததும் அதை விரித்துப் பார்த்தவர் கேட்ட கேள்வி இன்றும் எமது காதில் ஒலிக்கின்றது: "எங்கடை அம்மான்ரை பேரை எங்கை?" பக்கங்கள் முப்பத்திரண்டுக்கு மேற்போகக்கூடாதென்று பெண் வழிக் கிளைகளைச் சுருக்கிவிட்டதாக அச்சகத்தார் விடை கூறினர். இறந்தவரின் மாமியாருக்கு வம்சாவளியில் இடமில்லை. அம்மா அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தை மூடி அலுமாரிக்குள் வைத்துவிட்டார்.

அம்மாவுக்கு இப்பொழுது 87 வயது. பிறந்ததும் வாழ்ந்ததும் அளவெட்டி. சில ஆண்டுகளாக எம்முடன் வெள்ளவத்தையில் இருக்கின்றார். காதும் கண்ணும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் சென்ற ஆண்டு தொட்டுக் காலையில் நடந்ததை மாலையில் மறந்துவிடுகின்றார். 1946 ஆம் ஆண்டில் எந்த வயலில் எவ்வளவு புகையிலை நட்டார்கள் என்பது நினைவிருக்கின்றது. மருந்து குடித்தாரா என்பது நினைவில்லை. வைத்தியர் எம்மைத் தனியே அழைத்து, இது மெல்ல மெல்லப் பின்னோக்கிச் செல்லும் என்றார். முதலில் நேற்று, அப்புறம் போன ஆண்டு. பழையவை கடைசி வரையில் நிற்கும், ஆயினும் அவையும் ஒரு நாள் குழம்பும். கேட்க வேண்டியவற்றை இப்பொழுதே கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

எமது குடும்பத்துக்கு இது வெறும் ஆசையாக மட்டும் இருக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஓர் இரவுக்குள் எழுந்து நடந்தபோது, ஐயாவும் அம்மாவும் ஒரு சைக்கிளையும் ஒரு றங்குப்பெட்டியையும் கொண்டு தென்மராட்சிக்குப் போயினர். றங்குப்பெட்டிக்குள் காணி உறுதிகள், பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், இரண்டு சேலை, கொஞ்சம் அரிசி. அல்பங்கள் பாரம் என்று விடப்பட்டன. அடுத்த ஆண்டு திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை; அலுமாரி இல்லை; ஆகவே அல்பங்களும் இல்லை. இன்று எம்மிடமுள்ள பழைய படங்கள் ஏழே ஏழு. அவை ஏழும் எண்பதுகளில் இலண்டனுக்குப் போன அக்காவுக்குக் கடிதத்தோடு வைத்து அனுப்பப்பட்டவை. வீட்டிலே பத்திரமாக வைத்தவை போய்விட்டன. தபாலில் ஊரைவிட்டுப் போனவை பிழைத்தன. எங்களைப் போன்ற எத்தனையோ வீடுகளில் இதே கதை என்பதை வாசகர்கள் அறிவர்.

ஆகையால், எஞ்சியிருப்பது அம்மாவின் வாய்மொழி ஒன்றே. அதை யாரிடம் ஒப்படைப்பது என்பதே எம்முன் நின்ற கேள்வி.

ஞாயிற்றுக்கிழமைகளிற் சகோதரர் நால்வரும் தொலைபேசியில் ஒன்றுகூடுவது எமது வழக்கம். ரொறன்ரோவிலுள்ள அண்ணர் இதைக் கேட்டதும் பெரியதொரு திட்டத்தோடு வந்தார். நல்ல கமராக்காரரைப் பிடித்து, அளவெட்டிக்கே அம்மாவைக் கூட்டிச் சென்று, கும்பிளாவளைப் பிள்ளையார் கோவில் வீதியில் நடக்கவைத்து, ஆகாயத்திலிருந்து வயலையும் வீட்டையும் படம் பிடித்து, பின்னணியில் நாதஸ்வரம் சேர்க்க வேண்டும் என்றார். அளவெட்டி நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பேர்போன ஊராதலால் அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. அக்காவுக்குப் புத்தகமே வேண்டும். கையில் எடுத்துப் பேரப்பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். மெல்பேணிலுள்ள தம்பி, "அம்மாவைக் களைக்கப் பண்ணாதேங்கோ" என்று மட்டும் சொன்னான். அவனுடைய சொல்லே எமக்குப் பிடித்தது. விசாரிக்கும் வேலை, அம்மாவின் அருகிலிருக்கும் எமது தலையில் விழுந்தது.

முதலில் அக்காவின் விருப்பப்படி, கேள்வி அனுப்பிப் புத்தகமாக்கித் தரும் வெளிநாட்டுச் சேவை ஒன்றின் மாதிரிக் கேள்விகளை வாங்கிப் பார்த்தோம். கேள்விகள் அன்பாகவே இருந்தன. ஆனால் அவை வேறொரு வாழ்வுக்கு வெட்டித் தைத்த சட்டை. முதன்முதலாக வாங்கிய மோட்டார் வண்டி எது, பாடசாலை விடுமுறைக்கு எங்கே போவீர்கள், உங்கள் கணவரை முதலில் எங்கே சந்தித்தீர்கள் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். கடைசிக் கேள்வியைத் தமிழாக்கி அம்மாவிடம் கேட்டோம். "மணவறையிலை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அதற்குமேல் அந்த ஆண்டுப் புத்தகத்தில் என்ன எழுதுவது?

மாறாக, அமெரிக்காவில் 2003 ஆம் ஆண்டு நியூயோர்க் நகரத்துப் பெரிய புகையிரத நிலையத்திலே ஒரு சிறு கூடத்துடன் தொடங்கிய ஸ்ரோறிகோர்ப்ஸ் என்னும் இயக்கத்தின் முறையைப் படித்தபோது மனம் நிறைந்தது. அங்கே நிருபர் கேள்வி கேட்பதில்லை. ஒருவரை ஒருவர் நன்கறிந்த இருவர், தாயும் மகளுமாகவோ நண்பர் இருவராகவோ, எதிரெதிரே அமர்ந்து நாற்பது நிமிடம் பேசுகின்றனர். உதவியாளர் ஒருவர் கருவியைக் கவனித்துக்கொள்கின்றார். பேசினோர் சம்மதித்தால் அப்பதிவு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திலே சேமிக்கப்படுகின்றது. அந்தக் கூடம் வெள்ளவத்தைக்கு வராது. ஆயினும் அந்த முறையைக் கடன் வாங்குவதை யார் தடுப்பார்? கேட்பவர் பிள்ளையாக இருக்க வேண்டும், கருவியைப் பிடிப்பவர் பிறராக இருக்கலாம் என்று அன்றே முடிவு செய்தோம்.

அடுத்தது ஒலிநாடாக்காரர். எம்மிடம் ஓர் ஒலிநாடா இருந்தது. 1979 இல் அண்ணர் சவூதியில் வேலை செய்த காலத்தில், ஐயா கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கசெற் அது. அக்காலத்தில் மத்திய கிழக்குக்குப் போனவர்களின் வீடுகளில் இவ்விதம் 'பேசும் கடிதம்' அனுப்புவது பெருவழக்கு. பிலிப்ஸ் கொம்பனி 1963 இல் வெளியிட்ட அந்தச் சிறு பெட்டி, எழுதத் தெரியாத தாய்மாருக்கும் கடிதம் அனுப்பும் வசதியைக் கொடுத்தது. அண்ணர் அதைச் சவூதியிலிருந்து கனடா வரையில் காவிக்கொண்டு போனார். நாடாவின் இரும்புத்துகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை காலப்போக்கில் இளகும். ஈரலிப்பான இடமாயின் பூஞ்சணம் பிடிக்கும். ஆனால் நாடா கெடுவதற்கு முன்னரே அதை ஓட்டும் இயந்திரம் கெட்டுவிடுகின்றது. வீடியோ நாடாக் கருவியைக் கடைசியாகச் செய்துவந்த யப்பானிய நிறுவனமாகிய புனாய், 2016 யூலையோடு அதை நிறுத்திவிட்டது. உதிரிப்பாகம் அருகிவருவதால், பெட்டிக்குள் வீடியோ நாடா வைத்திருப்போர் இனியும் காத்திருப்பது நன்றன்று.

கொழும்பிலே முதிய தொழிலாளர் ஒருவர் அக்கசெற்றைத் திறந்தார். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத் துண்டு கழன்று விழுந்திருந்தது. வேறொரு கசெற்றின் கூட்டை ஆணி கழற்றி, ஐயாவின் நாடாவை அதற்குள் சுற்றிவைத்து ஓடவிட்டார். வைத்தியர் குழந்தையைப் பிடிப்பதுபோல் அவர் அந்த நாடாவைப் பிடித்ததைப் பார்த்து நின்றோம். அவர் செய்தது முதல் தரமான வேலை. ஆனால் அதைக் கணினிக்கு மாற்றிய கடைக்காரர், எமக்கு உபகாரம் செய்வதாக எண்ணி, 'இரைச்சல்' முழுவதையும் நீக்கிவிட்டார். ஐயாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தது. இடையே கேட்டிருக்க வேண்டிய கோவில் மணியும், பின்வளவில் அம்மா யாரையோ அதட்டும் சத்தமும் மறைந்துபோயின. அவை இரைச்சலல்ல, அவைதாம் எங்கள் வீடு என்று சொல்லி, மூல ஒலியை ஒன்றும் நீக்காமல் மறுபடி எடுத்துத் தரச் செய்தோம்.

இவ்விடயத்தில் ஒரு சிறு நுட்பத்தை வாசகர்கள் தெரிந்திருப்பது நல்லது. ஒலி, ஒளி ஆவணக் காப்பாளர்களின் சர்வதேசச் சங்கம், இத்தகைய ஒலியை ஆகக் குறைந்தது 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற் அளவில், சுருக்காத கோப்பாக எடுக்க வேண்டுமென்று விதித்திருக்கின்றது. 'வேவ்' என்ற பெயரில் வருவது அத்தகையது. ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிகாபைற் இடம் பிடிக்கும். 'எம்பி3' என்பது இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகச் செவிக்குப் புலப்படாதெனக் கருதுபவற்றை எறிந்துவிட்டு எஞ்சியதைத் தருவது. கேட்பதற்கு எம்பி3 போதும்; வைத்திருப்பதற்கு வேவ் வேண்டும். கடைக்காரர் இரண்டையும் தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

மூன்றாவதாக, எல்லாவற்றையும் எங்களிடம் அனுப்புங்கள், நாங்கள் 'என்றென்றும்' வைத்திருப்போம் என்னும் இணையக் கொம்பனிகள். 'என்றென்றும்' என்ற சொல்லைக் கண்டால் எமக்கு ஐயம் பிறக்கின்றது. கோடிக்கணக்கான படங்களை வைத்திருந்த கொடாக் கொம்பனியின் இணையப் படக்கூடம் 2012 இல் மூடப்பட்டது. மைஸ்பேஸ் என்னும் தளம், பன்னிரண்டு ஆண்டுகளாக மக்கள் ஏற்றிவைத்த பாடல்களை இடமாற்றத்தின்போது இழந்துவிட்டதாக 2019 இல் அறியவந்தது. இலவசமாக எவ்வளவும் வைக்கலாமென்ற கூகிளின் படச் சேவை 2021 யூனோடு அச்சலுகையை நிறுத்திக்கொண்டது. இவற்றைக் குற்றமாகச் சொல்லவில்லை. கடை என்பது இலாபமுள்ள வரையில் திறந்திருப்பது. ஆகவே எந்தச் சேவையை அணுகினாலும் நாம் முதலிற் கேட்ட கேள்வி ஒன்றே: "நீங்கள் கடையைப் பூட்டினால் எங்கள் சாமான் எங்களுக்கு எப்படித் திரும்பி வரும்?" இருவர் சிரித்தனர். ஒருவர் மாத்திரம், வேலை முடிந்ததும் முழுக் கோப்பையும் உங்கள் கையிலேயே தந்துவிடுவேன், என்னிடம் ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கமாட்டேன், பின்னர் அழித்துவிடுவேன் என்றார். அவரையே நாம் தேர்ந்தோம்.

அவர் தனியாகத் தொழில் செய்யும் ஓர் இளைஞர். ஒரு சிறு ஒலிப்பதிவுக் கருவி, உடையிற் கொளுவும் இரண்டு ஒலிவாங்கிகள், ஒரு கொப்பி. இவ்வளவே அவருடைய முதல். பதிவு செய்தலும், அதைச் சொல்லுக்குச் சொல் எழுதித் தருதலும் சேர்த்து அவர் கேட்ட கூலி, அண்ணரின் ஆகாயப் படக்காரர் கேட்டதில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. கமரா வேண்டாமா என்று அண்ணர் மனக்குறைப்பட்டார். அம்மா கமராவைக் கண்டால் சேலைத் தலைப்பை இழுத்து நேராக்கிக்கொண்டு வாயை மூடிவிடுவார் என்பது அண்ணருக்கும் தெரியும். ஒரு படம் எடுத்து வைத்தோம். மற்றவை குரலாக இருக்கட்டும் என்று அவரும் ஒருவாறு இணங்கினார்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. "உந்தச் சாமானுக்கு முன்னாலை இருந்து என்னத்தைக் கதைக்கிறது, மோனை? நான் என்ன மந்திரியோ?" என்று கேட்டுவிட்டு அம்மா எழுந்து போனார். இரண்டாம் நாள் கேள்விக் கொப்பியை மூடிவைத்துவிட்டு, சாமியறையிலிருந்த பழைய மூக்குப்பேணியை எடுத்து மேசையில் வைத்தோம். அம்மா அதைக் கையில் எடுத்தார். அது அவருடைய தாயாரின் பேணி. காலை நாலு மணிக்குத் துலா மிதிக்கப் போகும் தகப்பனாருக்கு அதிலேதான் கோப்பி கொடுப்பார்கள் என்று தொடங்கினார். துலாவில் இருவர் முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க, தாம் எட்டு வயதிலே வாய்க்காலில் நின்று பாத்திக்குத் தண்ணீர் மாறியது. புகையிலையைக் குடிலிலே தூக்கித் தென்னம்மட்டைப் புகை போட்டது. அப்புகையிலை திருவிதாங்கூருக்குப் போனது. விலை விழுந்த ஆண்டு தாயாரின் அட்டியல் அடைவுக்குப் போய்த் திரும்பி வராதது என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். நாம் கேட்ட கேள்வி நாலோ ஐந்தோதான். தாயாரின் பெயரை அவர் ஏழு முறை சொன்னார். வேண்டுமென்றே சொன்னார் என்றே எமக்குத் தோன்றியது.

எழுத்துப்படி வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. இளைஞர் முதலிற் கணினியைக் கொண்டு எழுதவைத்துப் பார்த்தார்; யாழ்ப்பாணத்துப் பேச்சை அது பாதியும் விளங்கிக்கொள்ளவில்லை. 'துலா' என்பது 'விழா' என்று வந்தது. பின்னர் தாமே கேட்டு எழுதினார். ஆனால் நல்ல பாடசாலையிற் படித்த பிள்ளையாதலால், அம்மாவின் பேச்சைத் திருத்தமான தமிழாக்கிவிட்டார். "நாங்கள் விடியப்புறம் எழும்பினனாங்கள்" என்றது "நாங்கள் அதிகாலையில் எழுந்தோம்" என்று வந்திருந்தது. பிழையொன்றுமில்லை, அம்மாவும் அதில் இல்லை. சொன்னபடியே எழுதும்படி கேட்டோம். அவரும் மனம் கோணாமல் முழுவதையும் மறுபடி எழுதினார். "இப்படி எழுதினால் வாசிக்கிறவை சிரிப்பினம்" என்று அம்மாவே தடுத்தது தான் வேடிக்கை. சிரிக்கட்டும் என்றோம்.

நான்காம் நாளே, இத்தனை விசாரணையும் எதற்காகச் செய்தோம் என்பது தெளிவாயிற்று. அம்மாவுக்கு ஒரே தம்பி. எங்கள் சின்னமாமா. 1990 ஆம் ஆண்டு ஒரு நாட்காலை சைக்கிளில் புறப்பட்டவர் திரும்பவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாக அம்மா அவரைப் பற்றி எம்மிடம் பேசியதில்லை. நாமும் கேட்பதில்லை என்பது வீட்டிலே எழுதாத சட்டம். அன்று யாரும் கேளாமலே தொடங்கினார். புறப்படும்போது என்ன உடுத்திருந்தார், எதைச் சாப்பிட்டார், படலையில் நின்று திரும்பி என்ன சொன்னார், அதன் பின்பு தாம் யார் யார் வாசலிலே போய் நின்றார், யார் கதவு திறந்தார், யார் திறக்கவில்லை என்பதையெல்லாம் தாழ்ந்த குரலிற் சொன்னார். சில பெயர்களையும் சொன்னார். முடிந்ததும் இளைஞர் பக்கம் திரும்பி, "தம்பி, இதை எழுதவேண்டாம். மெசினிலை இருக்கட்டும். ஒருத்தருக்கும் போட்டுக் காட்டவும் வேண்டாம்" என்றார். பிறகு எம்மைப் பார்த்து, "அவன்ரை மகள் கேட்டால் குடு, மோனை. கேளாட்டில் அப்பிடியே கிடக்கட்டும்" என்றார்.

அந்த மணி நேரத்தை யாரிடம் ஒப்படைப்பது? தொலைதேசத்திலுள்ள கொம்பனியின் கணினியிலா? படித்து மகிழ்வோர்க்கான புத்தகத்திலா? வாய்மொழி வரலாறு சேகரிப்போரிடையே நல்லதொரு நடைமுறை உண்டு. பேசியவரிடம் எழுத்தில் சம்மதம் பெற வேண்டும். எந்தப் பகுதி திறந்திருக்கலாம், எந்தப் பகுதி எவ்வளவு காலம் மூடியிருக்க வேண்டுமென்பதை அவரே தீர்மானிப்பார். அதன்படி ஒரு கடதாசியில் இரண்டு பந்தி எழுதி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். நடுங்கும் கையால் மெல்ல ஒப்பமிட்டார். இளைஞர் எம் முன்னிலையிலேயே தம் கருவியிலிருந்து அந்தப் பகுதியை அழித்துக் காட்டினார். அதற்கு அவர் தனியே கூலி கேட்கவில்லை.

மற்றைய பதிவுகளைப் பலவிடத்திலும் பரப்பி வைத்தோம். ஒரே இடத்தில் வைப்பது எவ்வளவு ஆபத்தென்பதை யாழ்ப்பாணத்தவர்க்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டு யூன் முதல் நாள் விடிந்தபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு பொது நூலகம் எரிந்து கிடந்ததைக் கண்டவர்கள் இன்றும் இருக்கின்றார்கள். வேறு பிரதி இல்லாத சுவடிகள் அன்று போனவை போனவையே. ஓலைக் காலத்திலும் இதே சட்டந்தான் இருந்தது. ஓலை செல்லரிக்கு முன் யாரேனும் மறு ஓலையிற் பெயர்த்தெழுத வேண்டும். எழுதாத நூல் அழிந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சேற்றியபோது அவர் கைக்கு வந்தவை, யாரோ பெயர் தெரியாதவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பெயர்த்தெழுதிவைத்த ஏடுகளே. கணினித் தட்டும் ஓலைதான். ஆயுள் மட்டும் இன்னும் குறைவு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய தட்டுக்கு மாற்றும் பொறுப்பைத் தம்பி ஏற்றுக்கொண்டான். மூன்று பிரதிக்குக் குறையக்கூடாது, அவற்றுள் ஒன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும் என்பது இத்துறையினர் சொல்லும் கணக்கு. எமக்கோ நாலு பிள்ளைகள் நாலு தேசத்தில். இந்த ஒரு காரியத்துக்காவது அது உதவியது.

அக்காவுக்காக எழுத்துப்படியை நல்ல கடதாசியில் அச்சிட்டுக் கட்டுவித்தோம். துலா, புகையிலை, கோவில் திருவிழா பற்றிய பகுதிகளை, அம்மாவின் சம்மதத்தோடு, பொது ஆவணக் காப்பகமொன்றுக்குக் கொடுப்பதாக இருக்கின்றோம். அவை எமது வீட்டுக்கு மட்டும் உரியவையல்ல. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வம்சாவளி சேர்த்திருக்கின்றோம். அதில் அம்மாவின் தாயார் முதல் வரியில் இருக்கின்றார். அவருக்கு மேலே அவருடைய தாயார். அதற்கும் மேலே போக அம்மாவுக்கும் தெரியவில்லை.

மூடிய பகுதி அக்காவின் வீட்டிலே, அம்மாவின் ஒப்பக் கடதாசியோடு ஓர் உறையில் இருக்கின்றது. சின்னமாமாவின் மகள் நோர்வேயில் இருக்கின்றாள்; தகப்பனார் போனபோது அவளுக்கு வயது இரண்டு. வருகிற ஓகஸ்டில் அவள் இலண்டனுக்கு வரும்போது அப்படியொரு பதிவு இருக்கின்றதென்பதை மாத்திரம் அவளிடம் சொல்வதென்றும், கேட்பதும் கேளாதிருப்பதும் அவளுடைய விருப்பமென்றும் சகோதரர் நால்வரும் முடிவு செய்தோம். இரண்டு ஞாயிறு இதைப் பேசினோம். அண்ணர் ஒருமுறை அழுதார்.

அம்மாவுக்கு அந்த நாலாம் நாள் இப்பொழுது சரியாக நினைவில்லை. ஒலிவாங்கி கொளுவின தம்பி எப்பொழுது வருவார் என்றுதான் காலையில் கேட்கின்றார். கிணறு வெட்டின கதையை இன்னும் சொல்லவில்லையாம்.